எந்தக் கை, எந்த விரல்?

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கிற பனியன் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்கென்று ஒரு நோட்டு இருக்கும். பேட்லாக் மிஷினிலோ ஓவர்லாக் மிஷினிலோ ஊசி முறிந்தால் டெய்லர் தையலை நிறுத்திவிட வேண்டும். சூப்பர்வைசர் வந்து, காந்தத்தை வைத்துத் துண்டுகளைத் தேடி எடுத்து, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, அந்த நோட்டில் ஒட்டுவார். பக்கத்தில் தேதி, மிஷின் நம்பர், டெய்லர் பெயர். ஒரு துணுக்கு கிடைக்காவிட்டாலும் அந்த மிஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் அத்தனையும் ஒதுக்கப்பட்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்குள் ஓடியாக வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் கைக்குழந்தைக்குப் போடும் சட்டையில் அந்தத் துணுக்கு போய்விடக் கூடாது என்று வெளிநாட்டு பையர்கள் வைத்த விதி இது. நல்ல விதி.

அதே ஊசி துணிக்குப் பதிலாக டெய்லரின் விரலுக்குள் இறங்கிவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி, ஒரு கட்டு, மூன்று நாள் மாத்திரை. சீட்டில் ‘விரலில் ஊசிக் காயம்’ என்று இருக்கும். எந்தக் கை என்று இருக்காது. எந்த விரல் என்று இருக்காது. துணுக்கு உள்ளே தங்கியதா, எடுத்தார்களா, நகம் உடைந்ததா, காயம் வேலை செய்யும்போது பட்டதா என்கிற விவரம் பெரும்பாலும் சீட்டில் ஏறுவதே இல்லை.

இந்தக் கேள்விகள் அத்தனையையும் ஒன்று விடாமல் கேட்டே தீர வேண்டும் என்கிற ஒரு வேலை, திருப்பூரிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற கோவையில் நடக்கிறது. சென்னை, திருச்சி, சேலம் என்று தமிழகத்தில் பரவிவிட்ட மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடும் செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடும் போட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் அங்குள்ள இன்சூரன்ஸ் பணம் தருகிறது அல்லது மறுக்கிறது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி, விலங்கியல் படித்தவர்கள் இதில் சேர்கிறார்கள். அப்பா கட்டிங்கிலும் அம்மா செக்கிங்கிலும் நின்று படிக்கவைத்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலும் துணி தைக்கிற தொழில் இருக்கிறது. அங்கே ஒரு தையல்காரருக்கு இதே காயம் பட்டதாக வைத்துக்கொள்வோம். வலது ஆள்காட்டி விரலில் ஊசி குத்தி, துணுக்கு உள்ளே தங்கி, நகம் சேதமில்லாமல், இப்போது சிகிச்சை நடக்கிறது என்றால் குறியீடு எஸ் 61.240 ஏ. இடது ஆள்காட்டி விரல் என்றால் 61.241. வலது நடுவிரல் 61.242. துணுக்கு தங்கவில்லை என்றால் 61.240 என்பது 61.230 ஆகிவிடும். நகமும் சேர்ந்து சேதமானால் 61.340. எந்த விரல் என்றே மருத்துவர் எழுதவில்லை என்றால் அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்: 61.249, ‘குறிப்பிடப்படாத விரல்’. அந்தக் கடைசி எண்ணைப் போட்டு அனுப்பினால், விரலை ஏன் சொல்லவில்லை என்று கிளெய்ம் திரும்பிவர வாய்ப்பு அதிகம். ஒரு தையல்காரரின் விரலுக்கு இத்தனை மரியாதை உண்டு என்பதைக் குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இந்த வேலையில் எங்கே தவறு நேர்கிறது, நேர்ந்தால் யாருக்கு என்ன ஆகிறது என்பதைத் திருப்பூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு அது பிழைப்பு. பெற்றவர்களுக்கு அதே தவறு இங்கே வேறு உருவத்தில், வேறு விலையில் நடந்துகொண்டிருக்கிறது.

8 எப்படி 80 ஆனது

கோடிங்குக்கு முன்னால் வந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். மருத்துவர் பேசிப் பதிவு செய்த குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. 1990-களின் கடைசியில் இந்தியாவில் இதற்கு ஒரு பெரிய அலை அடித்தது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெக்சாஸ் ஆங்கிலத்தையும், அங்கே வேலை பார்க்கும் கொரிய, நைஜீரிய, பஞ்சாபி மருத்துவர்களின் ஆங்கிலத்தையும் பிரித்தறியப் பழகினார்கள். ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம். வேகமாகப் பேசும் வாயில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். சர்க்கரை குறைந்தவருக்குச் சர்க்கரை கூடியதாக எழுதிவிட்டால் சிகிச்சையே தலைகீழ். டிஸ்பேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்பேசியா பேச்சில் சிரமம். இலியம் என்று இடுப்பெலும்பும் உண்டு, அதே ஒலியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் உண்டு. மூட்டு வலிக்கு செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்கு செலெக்ஸா, வலிப்புக்கு செரிபிக்ஸ். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை.

எழுத்திலும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியலைக் கட்டாயமாக்கியது. இன்சுலின் அளவுக்குப் பின்னால் ‘யூனிட்’ என்பதற்கு யு என்று ஒற்றை எழுத்துப் போடக் கூடாது. 4-க்குப் பின்னால் வரும் அந்த எழுத்து சுழியமாகத் தெரிந்து 40 ஆகிவிடும். 1.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கினால் 10. புள்ளிக்கு முன்னால் சுழியம் இல்லாமல் .5 என்றும் எழுதக் கூடாது; புள்ளி தவறினால் 5.

அலபாமா மாநிலத்தில் 2008-இல் நடந்த ஒரு சம்பவத்தை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணி மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்குத் தர வேண்டிய லெவிமிர் இன்சுலின் 8 யூனிட். மருத்துவர் சொன்னதை எழுத்தாக்கும் வேலை ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாகக் கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. எழுதி வந்த குறிப்பில் 80 யூனிட் என்று இருந்தது. அந்த அளவு செலுத்தப்பட்டது. அவர் இறந்துபோனார். 2012 டிசம்பரில் அங்குள்ள நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

அந்த ஒரு சுழியத்தைத் தட்டிய விரல் யாருடையது என்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. நிமிடத்துக்கு இத்தனை வரி, வரிக்கு இத்தனை பைசா என்று கணக்குப் போட்டு, மலிவான கைக்கு, அதைவிட மலிவான கைக்கு என்று வேலை இறங்கிக்கொண்டே போன விதம்தான் கவனிக்க வேண்டியது. திருப்பூருக்கு இந்த இறக்கம் நன்றாகத் தெரியும். பையரிடமிருந்து ஏற்றுமதியாளர், அவரிடமிருந்து ஜாப் ஒர்க் யூனிட், அங்கிருந்து வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் அம்மா வரை ஆர்டர் இறங்கும்போது விலையும் இறங்கும், பார்க்கிற கண்களின் எண்ணிக்கையும் இறங்கும்.

டிரான்ஸ்கிரிப்ஷனில் நல்ல பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தரும் விதி, கேட்காததை ஊகித்து எழுதாதே, இடத்தைக் காலியாக விட்டுக் குறியிட்டு மேலே அனுப்பு என்பது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் காலி இடம் அவமானமாகத் தெரிகிறது. நிரப்பிவிடுகிறார்கள். இப்போது குரலை எழுத்தாக்கும் மென்பொருள் வந்து, மனிதர்கள் அதைத் திருத்தும் வேலைக்கு நகர்ந்திருக்கிறார்கள். மென்பொருள் காலி இடம் விடுவதில்லை. தவறான சொல்லையும் எழுத்துப்பிழை இல்லாமல், இலக்கணம் சுத்தமாக எழுதிவைக்கும். கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜாமா நெட்ஒர்க் ஓப்பன் இதழில் 2018-இல் வந்த ஓர் ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. மென்பொருள் எழுதித் தந்ததில் 100 சொல்லுக்கு 7.4 பிழை. பயிற்சி பெற்ற டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் ஒருவர் பார்த்த பிறகு அது 0.4. அந்த வேலை செத்துப்போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டலாம்.

தெரிந்ததை எழுதாதே

கோடிங்கில் நேரும் தவறுகளை நான் பார்த்தவரை, அறியாமையால் வருவதைவிட அதிகம் தெரிந்திருப்பதால் வருபவை கூடுதல். ஒரு நர்சிங் பட்டதாரியின் முன் ஒரு நோயாளியின் சார்ட் இருக்கிறது. ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறது. ரத்தசோகை என்று அவருக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் எங்கேயும் ரத்தசோகை என்று எழுதவில்லை. அப்படியென்றால் அதற்குக் குறியீடு போடக் கூடாது. பரிசோதனை எண்ணைப் பார்த்து நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. கோடர் செய்யக்கூடியது அவரிடம் கேள்வி அனுப்புவது. ‘குவெரி’ என்பார்கள். அனுப்பினால் பதில் வர நாளாகும், அன்றைய கணக்கு இடிக்கும். அதனால் சிலர் தாங்களே மருத்துவராகிவிடுகிறார்கள்.

சர்க்கரை நோயிலும் இதே கதை. இன்சுலின் போடுகிறார் என்று பார்த்தவுடன் முதல் வகைச் சர்க்கரை என்று போட்டுவிடுவது புதியவர்களின் வழக்கம். இரண்டாம் வகை நோயாளிகள் எத்தனையோ பேர் இன்சுலின் போடுகிறார்கள். வகை எழுதப்படவில்லை என்றால் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொண்டு, இன்சுலின் நீண்ட நாளாக எடுக்கிறார் என்பதற்குத் தனிக் குறியீடு சேர்க்க வேண்டும் என்பதே விதி.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துகிற ஒரு தவறு சந்தேகத்தை நோயாக்குவது. வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு விடாத இருமல். மருத்துவர் ‘நுரையீரல் புற்றுநோயாக இருக்கலாம், பார்க்க வேண்டும்’ என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்புகிறார். போட வேண்டிய குறியீடு இருமலுக்கு உரியது. அவசரத்தில் புற்றுநோய்க்கான குறியீட்டைப் போட்டால், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் அந்த மனிதரின் பதிவேட்டில் புற்றுநோய் உட்கார்ந்திருக்கும். நாளை அவர் ஆயுள் காப்பீடு கேட்டால் அந்த வரி முன்னால் வந்து நிற்கும். உள்நோயாளியாகச் சேர்ந்து வீடு திரும்பும்போதும் அந்தச் சந்தேகம் அப்படியே எழுதப்பட்டிருந்தால் விதி நேரெதிர்: இருப்பதாகவே கொண்டு குறியீடு போடலாம். இரண்டு விதிக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்டிவிடுவது எளிது.

முடிந்துபோன நோயை நடப்பதாக எழுதுவது இன்னொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து குணமானவர் வழக்கமான பரிசோதனைக்கு வருகிறார். பழைய குறிப்பு வெட்டி ஒட்டப்பட்டுப் புதிய குறிப்பில் ஏறியிருக்கிறது. கோடர் புதுப் பக்கவாதத்துக்கான எண்ணைப் போடுகிறார். காகிதத்தில் பார்த்தால் அந்த மனிதருக்கு ஒவ்வொரு மூன்று மாதமும் பக்கவாதம் வருகிறது. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தணிக்கையாளர்கள் தனியாகக் குறிவைத்துத் தேடும் பிழைகளில் இது ஒன்று.

காயங்களின் குறியீட்டில் ஏழாவது எழுத்தும் பலரைச் சறுக்கவைக்கிறது. ஏ என்றால் முதல் வருகை என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிகிச்சை இன்னும் தீவிரமாக நடக்கும்வரை, வேறு மருத்துவரிடம் மூன்றாவது முறை போனாலும் ஏ தான். ஆறிவரும் காலத்துக்கு டி. ஆறிய பிறகு மிச்சமிருக்கும் கோளாறுக்கு எஸ். ஆங்கில எழுத்து ஓ-வும் சுழியமும், ஐ-யும் ஒன்றும் ஒன்றுபோல இருப்பதால் வரும் தட்டச்சுத் தவறுகள் தனிக் கணக்கு. அறுவைச் சிகிச்சைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பை உருவாக்கியவர்கள் இதற்குப் பயந்தே அந்த இரண்டு எழுத்துகளையும் சேர்க்காமல் விட்டார்கள். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-யின் ஒன்பதாவது பதிப்பிலிருந்து பத்தாவதான ஐசிடி-10-க்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 14,000-லிருந்து 68,000-க்கு மேல் போயின. ஒவ்வோர் அக்டோபரிலும் சிலது சேரும், சிலது நீங்கும். போன வருடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போட்ட எண் செல்லாது.

கூட்டிப் போடுவது, குறைத்துப் போடுவது இரண்டும் உண்டு. சாதாரண ஆலோசனைக்குப் பெரிய ஆலோசனையின் எண்ணைப் போட்டால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். அது வேண்டுமென்றே நடந்தால் 1863-இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைப்போல மூன்று மடங்கு கட்ட நேரும். குறைத்துப் போடுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பயந்த கோடர் எப்போதும் சின்ன எண்ணையே போடுவார். நோயாளி உண்மையில் எவ்வளவு மோசமாக இருந்தார் என்பது பதிவில் இல்லாமல் போகும். இரண்டும் பொய்தான்.

அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டத்தில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் நேரடியாகக் கட்டணம் தரும் பிரிவில் மட்டும் 2023 நிதியாண்டில் முறையற்ற கொடுப்பனவு என்று கணக்கிடப்பட்டது 3,120 கோடி டாலர், கொடுத்ததில் 7.38 சதவீதம். அதில் பெரும்பகுதி திருட்டு இல்லை. கொடுத்த பணத்துக்கு ஆதாரமாகப் போதிய குறிப்பு எழுதப்படவில்லை என்பதே முதல் காரணம்.

செக்கிங் மேஜை

பனியனில் ஷிப்மென்ட் போகும் முன் ஏ.கியூ.எல். முறையில் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். தையல் விட்டது, கறை, அளவு மாற்றம் போன்றவற்றுக்கு ஓர் எல்லை வரை மன்னிப்பு உண்டு. ஊசித் துணுக்குக்கு மட்டும் எல்லை சுழியம். ஒன்று அகப்பட்டாலும் லாட் நிற்கும். கோடிங் நிறுவனங்களில் பொதுவாகக் கேட்பது 95 சதவீதத் துல்லியம். கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 5-இல் எது என்பதுதான் கேள்வி. வலம் இடம் மாறியது, இல்லாத புற்றுநோய் ஏறியது இவையும், ஒரு துணைக் குறியீடு விட்டுப்போனதும் ஒரே சதவீதத்துக்குள் கரைந்துவிடக் கூடாது. நல்ல தரக் குழுக்கள் இவற்றைத் தனியாகப் பிரித்து, ஆளைக் கெடுக்கும் பிழைக்குப் பனியன் கம்பெனி ஊசிக்குக் கொடுக்கும் இடத்தைக் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் மாதக் கடைசி அறிக்கையில் ஓர் எண்ணாகப் போய்விடுகிறது.

டார்கெட்டின் வலி டெய்லருக்குத் தெரிந்த வலிதான். மணிக்கு இத்தனை பீஸ், மணிக்கு இத்தனை சார்ட். ஒன்றரை ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் விரல் மிஷினுக்குள் போகிறது. சார்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு ‘இல்லை’ கண்ணில் படாமல் போகிறது. ‘நெஞ்சு வலி இல்லை’ என்பதிலிருந்து அந்த ஒரு சொல் நழுவினால் மிச்சம் என்ன என்று பாருங்கள். கடைசி மணி நேரத்து வேலையை இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் விதி செய்தால் அது தயவு இல்லை, தரக் கட்டுப்பாடு.

நம் விரலுக்கு என்ன விலை

இனி ஊருக்கு வருவோம். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதில் ஒரு தொழிலாளி உடல்நலமில்லாமல் விடுப்பில் இருந்தால் கிடைப்பது சம்பளத்தில் 70 சதவீதம். வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கும் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டு விடுப்பில் இருந்தால் 90 சதவீதம்; இயலாமை நீடிக்கும்வரை; வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் சீட்டில் இருக்கும் ஒரு விவரம்: காயம் எங்கே, எப்போது, எதைச் செய்யும்போது பட்டது. ‘விரலில் வெட்டுக் காயம்’ என்று மட்டும் எழுதப்பட்டு, கம்பெனியின் விபத்துப் புத்தகத்திலும் பதிவாகாமல் போனால், கட்டிங் மிஷின் வெட்டிய விரல் வீட்டில் காய் நறுக்கும்போது வெட்டிய விரலாகிவிடும். 90 எழுபதாகும், சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் ஆகும்.

விரல் போய்விட்டால் எந்த விரல் என்பது இன்னும் முக்கியம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒவ்வோர் இழப்புக்கும் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று சதவீதம் போட்டார்கள். முழு ஆள்காட்டி விரல் 14. முழு நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் போனால் 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. வாழ்நாள் முழுக்க மாதாமாதம் வரும் தொகை இந்த எண்ணை வைத்துத்தான். முதல் நாள் கட்டுப் போட்ட கிளினிக்கின் சீட்டில் கணு எது, எலும்பு போயிற்றா இல்லையா என்று தெளிவாக இருந்தால், பல மாதம் கழித்து மருத்துவ வாரியத்தின் முன் நிற்கும்போது அந்தத் தொழிலாளி தன் கதையை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தையல்காரரின் விரலுக்கு ஆறாவது இலக்கம் வரை தேடுகிற துல்லியம் அவிநாசி ரோட்டிலும் மங்கலம் ரோட்டிலும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இ.எஸ்.ஐ. எண்ணே இல்லாமல் பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிவுப் பிழை என்கிற பேச்சுக்கே இடமில்லை, பதிவே இல்லை. அது இன்னொரு கட்டுரைக்கான கோபம்.

காயம் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் போகிற பஞ்சு தெரியாது. பல்லடம், உடுமலை, அவிநாசி பக்கத்து நூற்பாலைகளில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருடம் நிற்கிறவர்களுக்கு வரக்கூடிய நோய் பிசினோசிஸ். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் என்று குறையும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் இறுகும், பிறகு மூச்சு திரும்பாது. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்தத் திங்கட்கிழமையை வைத்துத்தான் நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். ஐசிடி-யில் அதற்குத் தனி எண் இருக்கிறது, ஜே 66.0. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தொழிற்சாலைச் சட்டம் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் சேர்த்து, தெரிவிக்கும் கடமையை மருத்துவர் மீது வைத்தது.

ஆனால் மூச்சுத்திணறலோடு வருகிற ஒருவரின் சீட்டில் ‘ஆஸ்துமா’ அல்லது ‘இழுப்பு’ என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. என்ன வேலை, எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருடம், எந்தக் கிழமையில் அதிகம் என்று கேட்க மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்தக் கோடராலும் எண் போட முடியாது. தொழில்நோய் ஒன்றுகூட இல்லை என்று ஓர் ஊரின் பதிவேடு சொன்னால், அந்த ஊரில் நோய் இல்லை என்று பொருள் கொள்ள நான் தயாரில்லை.

இறப்பிலும் இது தொடர்கிறது. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவரின் காரணச் சான்று இருந்தது 22.5 சதவீதத்துக்கு மட்டும். அந்தச் சான்றுகளிலும் ‘இதயமும் சுவாசமும் நின்றுவிட்டன’ என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. இறந்த எல்லோருக்கும் அது பொருந்தும். ஏன் நின்றன என்பதைத்தான் அந்தப் படிவம் கேட்கிறது. கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பினால் போதும் என்கிற மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்தியத் தணிக்கைத் துறை 2023-இல் வெளியிட்ட ஆயுஷ்மான் பாரத் அறிக்கையைப் பார்க்கலாம். 9999999999 என்கிற ஒரே கைபேசி எண்ணின் கீழ் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள்.

திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடமும் படுக்கையும் வேண்டியவைதான். அவற்றோடு அரைப் பக்கத்தில் அச்சடித்த ஒரு சீட்டும் வேண்டும் என்பது என் கோரிக்கை. கையின் படம், விரல்களின் படம். காயம் பட்ட இடத்தில் வட்டம் போட இடம். துணுக்கு உள்ளே உண்டா, நகம், எலும்பு, கணு. எந்த மிஷின், எத்தனை மணிக்கு, எந்த ஷிப்டில். மூச்சுக்கோளாறுக்கு வருகிறவருக்குப் பின்பக்கம்: டிபார்ட்மென்ட், வருடங்கள், திங்கட்கிழமை எப்படி இருக்கிறது. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொழிலாளியோ கூட வந்தவரோ நிரப்பிக்கொண்டு உள்ளே போகலாம். மருத்துவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடலாம். வடிவமைத்துத் தர கோவையில் கோடிங் கற்பிக்கும் மையங்களால் முடியும், அங்கே படிக்கும் திருப்பூர்ப் பிள்ளைகளாலும் முடியும். அச்சடிக்கும் செலவை ஏற்றுமதியாளர் சங்கம் ஏற்கலாம். தமிழில் மட்டும் அடித்தால் போதாது. லைனில் உட்கார்ந்து தைக்கிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது மருத்துவருக்குப் புரியாமல், மருத்துவர் எழுதுவது அவர்களுக்குப் புரியாமல் போவதால் நழுவும் விவரங்களே அதிகம். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் அடித்துக் காதர்பேட்டை முதல் பெருமாநல்லூர் வரை ஒவ்வொரு கிளினிக் மேஜையிலும், ஒவ்வொரு கம்பெனியின் முதலுதவிப் பெட்டியிலும் ஒரு கட்டு வைக்க வேண்டும்.